சராசரி முப்பத்தெட்டு நிமிடம்

மருத்துவ வாயு விநியோக வாரியத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு பெரிய எண். மற்ற அலுவலகங்களில் அந்த இடத்தில் கடிகாரம் இருக்கும், அல்லது காலமான தலைவர் யாராவது சட்டத்துக்குள் இருப்பார். இங்கே சிவப்பு விளக்கில் சராசரி இருக்கிறது. ஒரு நோயாளி ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டுப் பதிவு செய்த நிமிடத்திலிருந்து அது அவர் வீட்டு வாசலில் இறங்கும் நிமிடம் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதன் சராசரி. இந்தக் கதை தொடங்கிய திங்கட்கிழமை அது முப்பத்தெட்டு நிமிடம். தினமும் காலை எட்டரைக்கு ஊழியர்கள் எல்லாரும் அதன் முன்னால் நிற்க, உதவி இயக்குநர் அந்த எண்ணை உரக்க வாசிப்பார். எண் இறங்கியிருந்தால் கை தட்ட வேண்டும். ஏறியிருந்தால் தட்டாமல் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் தட்டாமல் நிற்க வேண்டும் என்பதற்கும் சுற்றறிக்கை உண்டு.

முன்பெல்லாம் எந்த வீட்டுக்கு முதலில் போவது, எந்த வீட்டுக்குப் பிறகு போவது என்பதைக் கிடங்கு எழுத்தர் ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பார். அவர் எழுத்து அவருக்கே புரியாது. ஒரு தடவை ஒரே வீட்டுக்கு நாலு சிலிண்டர் போய், அந்த வீட்டுக்காரர் இவற்றைக் கட்டிலுக்குக் காலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். அதையெல்லாம் ஒழிப்பதற்காக இரண்டு வருடத்துக்கு முன் புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு திரை, திரைக்குள் ஒரு குரல். டிரைவர்கள் அதற்கு வைத்த பெயர் துரை. உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடும், தெருவில் இறங்காது, ஒரு நாளும் மன்னிப்புக் கேட்காது. வேறு என்ன பெயர் வைப்பது?

துரை எப்படி யோசிக்கிறது என்று வழித்தட அதிகாரி மூன்று நாள் வகுப்பு எடுத்தார். வண்டி சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே புதுக் கோரிக்கைகள் வந்தபடி இருக்கும். வந்ததும் துரை கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்து, எந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் இதைச் செருகினால் வண்டிக்குச் சுற்று குறைவு என்று கண்டுபிடித்து அங்கே செருகிவிடும். அவ்வளவுதான் அதன் ஞானம். இதுதான் உலகத்திலேயே சிறந்த வழியா என்று யாரோ கேட்டார்கள். அதிகாரி அந்தக் கேள்விக்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தார்.

"எல்லா வழியையும் போட்டுப் பாத்து இதுதான் சிறந்ததுன்னு சொல்றதுக்குள்ள நாம யாரும் உயிரோட இருக்க மாட்டோம். ஏறக்குறைய நல்ல வழி போதும். அது ஒரு வினாடியில வந்துடும்."

மூச்சு விடுவதும் ஏறக்குறைய விட்டால் போதுமா என்று கிடங்கு எழுத்தர் கேட்டார். மறுநாளிலிருந்து அவர் காலி சிலிண்டர் கொட்டகையில் வேலை பார்க்கிறார்.

துரையின் சொல்லுக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக வண்டியின் பின்பக்கம் இரும்புக் கூண்டு வைத்தார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி அறை, தனிப் பூட்டு. வழியில் வரும் கோரிக்கைக்கென்று எண் ஒட்டாத சிலிண்டர்களும் சில உண்டு. பட்டியலில் முதலில் இருக்கும் வீட்டின் வாசலில் வண்டி நின்றால்தான் அந்த வீட்டுச் சிலிண்டரின் பூட்டு திறக்கும். சாவி கிடையாது. சாவி இருந்தால் மனிதர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அதிகாரி விளக்கினார்.

இதிலெல்லாம் மாட்டிக்கொண்டவன் ஐந்தாம் எண் வண்டி டிரைவர். பத்தொன்பது வருடம் சிலிண்டர் ஏற்றி இறக்கி இடது தோள் கொஞ்சம் தாழ்ந்துபோனவன். துரை பேச்சைத் தட்டாதவன். பக்தியினால் அல்ல. தட்டினால் என்ன ஆகும் என்று ஏழாம் எண் வண்டிக்காரர் தட்டிப் பார்த்துக் காட்டியிருந்தார். அவரும் இப்போது கொட்டகையில்தான் இருக்கிறார். எழுத்தருக்குப் பேச்சுத் துணையாயிற்று.

டிரைவருடைய அக்கா வீடு அவன் வண்டியின் எல்லைக்குள்தான் வருகிறது. எல்லையின் கடைசி வீடு. அலுவலகத்திலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். ரயில்வே கேட் தாண்டி, குழாய்த் தொழிற்சாலை தாண்டி, கல் குவாரிக்குப் போகும் சாலையில் இடது பக்கம். அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் குவாரியில் கல் உடைக்கும் இயந்திரத்தடியில் இருபத்தாறு வருடம் நின்றவர். கல்லெல்லாம் ஊருக்குள் போய்க் கட்டிடமாயிற்று, தூசி மட்டும் மச்சானின் நெஞ்சில் தங்கிவிட்டது. மூக்கில் குழாய் இல்லாமல் அவரால் கட்டிலிலிருந்து வாசல் வரை நடக்க முடியாது. ஒரு சிலிண்டர் அவருக்கு நாலு நாள் வரும்.

வெயில் காலத்தில் கோரிக்கைகள் குறைவு, ஆகவே மூன்றாம் நாளாவது குவாரிச் சாலையின் முறை வந்துவிடும். குளிர் தொடங்கியதும் ஊரில் எல்லாருக்கும் இழுப்பு வந்தது. அந்தத் திங்கட்கிழமை கடைசிச் சிலிண்டரைத் திறந்த கையோடு அக்கா அடுத்ததற்குப் பதிவு செய்தாள். அக்கா வீட்டு எண் ஒட்டிய சிலிண்டரைத் தன் கையாலேயே கூண்டில் ஏற்றிய டிரைவர், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று போனிலும் சொல்லிவிட்டான். சொல்லியிருக்கக் கூடாது.

பட்டியலில் அக்கா ஒன்பதாவது. எட்டு வீடு முடிந்ததும் ரயில்வே கேட்டை நோக்கி வண்டியைத் திருப்பினான். துரை கனைத்தது. மார்க்கெட் தெருவில் ஒரு புதுக் கோரிக்கை, அரைக் கிலோமீட்டர். கொடுத்துவிட்டுத் திரும்பினான். அதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று. அதைக் கொடுத்ததும் அதே மார்க்கெட் தெருவில் இன்னொன்று, முதலில் கொடுத்த வீட்டுக்கு நேர் மாடி. ஒவ்வொரு தடவையும் துரை போட்ட கணக்கு சரிதான். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு இருபத்திரண்டு கிலோமீட்டர் போ என்று எந்தக் கணக்கும் சொல்லாது. செவ்வாய்க்கிழமை அக்கா ஒன்பதிலிருந்து பதினாலாவது ஆனாள். புதன்கிழமை பதினேழு. சிலிண்டர் காலையில் வண்டியில் கிளம்பி, நகரம் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் வண்டியோடு கிடங்குக்குத் திரும்பியது. கல்யாணத்துக்கு வந்த உறவினரைப் போல அது எல்லாத் தெருவும் பார்த்தது, ஒரு வேலையும் செய்யவில்லை.

அக்கா உதவி மையத்தை அழைத்தாள். உங்கள் சிலிண்டர் வழியில் உள்ளது என்றார்கள். வாரியம் பொய் சொல்லாது. மூன்று நாளாக அது வழியில்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அக்கா தம்பியை அழைத்து, சிலிண்டர் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது என்றும், காற்றுக் குமிழைப் பாதியாகக் குறைத்து வைத்திருப்பதாகவும், அவர் உதடு நிறம் மாறுவதாகவும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அது அவனுக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. கை தட்டும் சடங்கு முடிந்ததும் நேராக வழித்தட அதிகாரியின் அறைக்குப் போனான்.

அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க வரைபடம். அதில் குவாரிச் சாலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாள்காட்டி மாட்டியிருந்தது. டிரைவர் விஷயத்தைச் சொன்னான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவசரக் கோரிக்கைக்கென்றே தனிப் படிவம் இருப்பதாகச் சொன்னார். ஆனால் சிலிண்டர் காலியான பிறகுதான் அது அவசரம். காலியாகும் வரை எதிர்பார்ப்பு. காலியானதை ஆய்வாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆய்வாளரின் வண்டிக்கு வழி சொல்வதும் துரைதான். குவாரிச் சாலைக்கு ஆய்வாளர் போக வேண்டிய விண்ணப்பங்கள் ஆறு கிடக்கின்றன, அதில் ஒன்று போன வருடத்தையது. அந்த விண்ணப்பக்காரர் இப்போது உயிரோடு இல்லை என்பதால் அதை எந்தக் காரணம் எழுதி மூடுவது என்று ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று நாள் தாமதமாகிவிட்டதே என்றான் டிரைவர். அதிகாரிக்கு முகம் சுருங்கியது. அறியாமையைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் மனசு கஷ்டப்படும்.

"தாமதம்னு சொல்லாத. இன்னும் அது தாமதமே ஆகல. கொடுத்தாதானே எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கணக்கு வரும்? கொடுக்காத வரைக்கும் அது நிலுவை. நிலுவை சராசரியில சேராது. நாளைக்கு நீ கொண்டுபோய்க் கொடுத்தேன்னு வை, அஞ்சாயிரத்து எழுநூத்துச் சொச்சம் நிமிஷம் ஒரே அடியா உள்ள வந்து விழும். முப்பத்தெட்டு என்னப்பா ஆகும்? உங்க அக்கா ஒருத்திக்காக இருநூறு பேர் கை தட்டாம நிக்கணுமா?"

எங்கேயோ தப்பு இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரிந்தது. எங்கே என்று விரலை வைக்கத் தெரியவில்லை. அதிகாரி படித்தவர், எண்கள் அவர் பக்கம் இருந்தன. மச்சானின் நெஞ்சு மட்டும் தன் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகத்துக்குப் பின் தெருவில் இருக்கும் நர்சிங் ஹோமுக்கு ஒரு சிலிண்டர் இறக்கிவிட்டு, அவன் பத்தொன்பது வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தான். துரை வலப்பக்கம் திரும்பச் சொன்னது, அவன் இடப்பக்கம் திரும்பினான். துரை மறுபடி சொன்னது. ரயில்வே கேட் வரை சொல்லிக்கொண்டே வந்தது. பிறகு, நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. குழாய்த் தொழிற்சாலை தாண்டும்போது டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றாள். ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலில் மச்சான் தலையணைகள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்க முயன்றார். டிரைவர் பின்கதவைத் திறந்தான். சிலிண்டர் இருந்தது. அக்கா வீட்டு எண் ஒட்டியிருந்தது. கூண்டுப் பூட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

துரையிடம் கேட்டான். அக்கா இப்போது பத்தொன்பதாவது. வண்டி அவள் வாசலில் நிற்பது துரைக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துரை கணக்குப் போடுவது வண்டி நிற்கும் இடத்திலிருந்து அல்ல, வண்டி நின்றிருக்க வேண்டிய இடத்திலிருந்து. கடைசியாக ஒழுங்காகக் கொடுத்தது நர்சிங் ஹோமில். ஆகவே துரையைப் பொறுத்தவரை வண்டி நர்சிங் ஹோம் வாசலில்தான் நிற்கிறது, அங்கிருந்து பார்த்தால் அக்கா வீடு இருபத்திரண்டு கிலோமீட்டர். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மார்க்கெட் தெருவில் ஒருவர் பதிவு செய்தார். அக்கா இருபதாவது ஆனாள்.

ஜாக்கிக் கம்பியை எடுத்துக் கூண்டை அடித்தான். மூன்று அடி அடித்தும் கீறல்கூட விழவில்லை. அந்த வாரியம் தரம் பார்த்து வாங்கிய ஒரே பொருள் அந்தக் கூண்டு. நான்காவது அடிக்குக் கையை ஓங்கியவன், ஜன்னல் வழியாக மச்சான் தன்னையே பார்ப்பதைக் கண்டு கையை இறக்கினான். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

அக்கா அழவில்லை. அவள் கூண்டுக்குள் இருந்த சிலிண்டரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் பூட்டு எந்த வீட்டு வாசல்ல நின்னா உடனே தொறக்கும்?"

நர்சிங் ஹோமுக்குப் பக்கத்தில் இருந்தால் திறக்கும் என்றான், அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டான்.

"உங்க ஆபீஸ் எதிர்ல பிளாட்பாரம் இருக்குல்ல?"

அந்த வாரியத்தில் உடனே நடக்கும் வேலை ஒன்று உண்டு, அது முகவரி மாற்றம். உதவி மையத்துப் பெண் ஒரு கேள்வி கேட்கவில்லை. புது முகவரி: வாரிய அலுவலகத்தின் நேர் எதிர்ப்புறம், நடைபாதை. பதிவாயிற்று. துரை உடனே மகிழ்ச்சியான குரலில், அடுத்த வீடு முந்நூறு மீட்டர் என்று சொன்னது. முந்நூறு மீட்டர் நர்சிங் ஹோமிலிருந்து. அவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர்.

முதலில் மச்சானை வண்டியின் பின்பக்கம் கூண்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வீட்டுச் சிலிண்டரை அடிவிளிம்பில் உருட்டி, பலகை வழியாக ஏற்றி அவர் பக்கத்தில் கட்டினார்கள். மடக்குக் கட்டிலும் ஏறியது. அக்கா மீட்டர் முள்ளைப் பார்த்தபடி வர, டிரைவர் ஓட்டினான். மச்சானுக்குத் தேவையான மூச்சு முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் பூட்டிக் கிடந்தது. அதில் சாய்ந்தபடி, காலியாகிக்கொண்டிருந்த சிலிண்டரின் கடைசிக் காற்றை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டு அவர் இருபத்திரண்டு கிலோமீட்டர் வந்தார். ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் மெதுவாகப் போயிற்று. டிரைவர் பெட்டிகளை எண்ணினான், ஐம்பத்திரண்டு. வண்டி கிளம்பும்போது முள் அசையாமல் அடியில் படுத்திருந்தது என்று அக்கா பிறகு சொன்னாள்.

அலுவலகத்தின் எதிரில் நடைபாதையோரம் வண்டி நின்றதும், யாரும் தொடாமலே கூண்டுப் பூட்டு பச்சையாகித் திறந்துகொண்டது. டிரைவர் சிலிண்டரை இறக்கி மாட்டினான். மச்சானின் உதட்டுக்கு நிறம் வரும் வரை அக்கா குழாயை அவர் மூக்கில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் துரை நன்றி தெரிவித்தது. முகவரி மாறினால் கோரிக்கையும் புதிது என்பது விதி. பதிவிலிருந்து விநியோகம் வரை ஐம்பத்தொரு நிமிடம், திருப்திகரம்.

மறுநாள் டிரைவருக்கு இரண்டு தாள் வந்தன. ஒன்று, நோயாளியை நோயாளி அல்லாத பொருளுக்கான இடத்தில் ஏற்றியதற்குக் குற்றச்சாட்டு. இன்னொன்று, நெடுநாள் நிலுவை ஒன்றைச் சராசரிக்குப் பங்கமில்லாமல் தீர்த்ததற்குப் பாராட்டு. இரண்டிலும் ஒரே கையெழுத்து. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும் என்றார்கள்.

மச்சானை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் நினைத்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போனால் அடுத்த சிலிண்டர் நாலு நாளில் வேண்டும், அது மறுபடி ஊர் சுற்றக் கிளம்பிவிடும். இன்னும் ஒரு சிலிண்டர் வாங்கிக்கொண்டு போகலாம் என்று அக்கா சொன்னாள். இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர் முகவரி மாறக் கூடாது என்பது விதி. நாலு சிலிண்டர் கட்டில்காரர் செய்த வேலை. ஆகவே நடைபாதையிலேயே ஒரு தார்ப்பாய் கட்டினார்கள்.

இந்தச் செய்தி குவாரிச் சாலைக்குப் போக இரண்டு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை இரண்டு கட்டில் வந்தன, புதன்கிழமை ஐந்து. நடைபாதையில் கட்டில் கூடக் கூட வண்டிகளுக்கு வாசலிலேயே வேலை சரியாக இருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு கோரிக்கை இருக்கும்போது எந்தக் கணக்கு மார்க்கெட் தெருவுக்குப் போகச் சொல்லும்? மார்க்கெட் தெருக்காரர்கள் ஒன்பதாவது ஆனார்கள், பதினாலாவது ஆனார்கள், பிறகு கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வந்தது. கடைசியில் பின் தெரு நர்சிங் ஹோமே தன் நோயாளிகளில் மூன்று பேரைக் கொண்டுவந்து படுக்க வைத்தது. கட்டில் வரிசை முக்குத் திரும்பி அடுத்த தெருவுக்குள் போனது. முக்குக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்களுக்கு மூன்று நாளாகச் சிலிண்டர் வரவில்லை, அவர்கள் தூரத்துக்காரர்கள்.

பூட்டு முகவரியில்தான் திறக்கும் என்பதால், சிலிண்டரைக் கையால் உருட்டிச் சாலையைத் தாண்டிக் கொடுக்க முடியாது. வாரியத்தின் எட்டு வண்டிகளும் நாள் முழுக்க வாசலிலிருந்து புறப்பட்டு, சாலை நடுவில் தடுப்பு இருப்பதால் சிக்னல் வரை போய்த் திரும்பி, எதிர்ப்பக்கம் வந்து நின்று, கொடுத்துவிட்டு, மறுபடி சிக்னல் வரை போய்த் திரும்பி வந்தன. அவற்றின் புகையெல்லாம் கட்டில்கள் மேல் வந்தது. இருமல் அதிகமாயிற்று, கோரிக்கையும் அதிகமாயிற்று. சராசரி பதினொன்றுக்கு இறங்கியது. பிறகு ஏழு. நான்காவது வாரம் அது நான்கைத் தொட்ட அன்று ஊழியர்கள் தட்டிய கை ஓசை எதிர் நடைபாதை வரை கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த மச்சான் திடுக்கிட்டு விழித்தார்.

அந்த வெற்றியைப் பார்க்க மற்ற வாரியங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசலில் மேடை போட்டு இயக்குநர் பேசினார். மேடை சாலையைப் பார்த்து இருந்தது, எதிரே கட்டில்கள். இரண்டு பக்கமும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டன.

"பதினாலு வருஷமா நான் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிட்டு வரேன். தூரம்ங்கறது நம்ம பிரச்சினை இல்ல, அது நோயாளியோட பிரச்சினை. அதை அவங்க புரிஞ்சுக்க இவ்வளவு நாள் ஆயிருக்கு. இப்ப புரிஞ்சுக்கிட்டாங்க. நாம யாரையும் கூப்பிடல, தானா வந்திருக்காங்க. இதுக்குப் பேருதான் மக்கள் பங்கேற்பு."

வந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், வர முடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். அவர்களிடமிருந்து இப்போது கோரிக்கை எதுவும் வருவதில்லை என்று வழித்தட அதிகாரி பெருமையோடு பதில் சொன்னார்.

டிரைவர் தினமும் முதல் சுற்றில் அக்காவின் தார்ப்பாய்க்கு எதிரே வண்டியை நிறுத்துவான். வேலை சுலபமாகிவிட்டது என்று சக டிரைவர்கள் சொன்னார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு காலையும் அந்தச் சிக்னலில் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்புவான். காரணம் மச்சான். அவர் அதிகம் பேசுவதில்லை, பேசினால் மூச்சு செலவாகும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார், அதையும் மச்சினனைப் பார்த்ததும் கேட்டுவிடுவார்.

"மாப்ள, வீட்டுக்கு எப்ப போறது?"

அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான் டிரைவர். துரையின் பேச்சு தன் வாய்க்கும் வந்துவிட்டது என்று அவனுக்கே அருவருப்பாக இருக்கும்.

ஆறாவது வாரம் இயக்குநரின் காரால் வாசலுக்குள் திரும்ப முடியவில்லை. ஒரு பக்கம் எட்டு வண்டிகள், ஒரு பக்கம் கட்டில்கள். அவர் இருபது நிமிடம் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அவருக்காகக் காத்திருந்ததில், அலுவலகத்தின் சரித்திரத்தில் சராசரி முதல் தடவையாகப் பத்து நிமிடம் தாமதமாக வாசிக்கப்பட்டது. அன்று பிற்பகலே சுற்றறிக்கை வந்தது. மக்களுக்கு இன்னும் நெருக்கமாகச் சேவை செய்யும் பொருட்டு, வாரியம் ஊரின் மறுகோடியில் உள்ள புதுக் கட்டிடத்துக்கு மாறுகிறது. இங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். அக்கா வீட்டிலிருந்து பார்த்தால் நாற்பத்தொன்று.

அலுவலகத்தை இடம் மாற்றும் வேலையையும் துரையிடமே கொடுத்தார்கள். மேசைகள், அலமாரிகள், குளிர்சாதனப் பெட்டி, இயக்குநரின் நாற்காலி, சுவரிலிருந்த சிவப்பு எண் எல்லாவற்றுக்கும் பதிவு போட்டார்கள். நடைபாதையில் அறுபது கோரிக்கைகள் காத்திருந்தன. அவற்றை முதலில் முடித்தால் சிவப்பு எண் புதுக் கட்டிடம் போய்ச் சேர நாளாகிவிடுமே என்று வழித்தட அதிகாரி கவலைப்பட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையால் பட்டியலைத் திருத்திச் சாமான்களை முன்னால் போட்டார். கையால் திருத்த ஒரு பொத்தான் இருந்தது என்பது அன்றைக்குத்தான் டிரைவருக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக அது அதே மேசையில்தான் இருந்திருக்கிறது. ஒரே தட்டு, அவ்வளவுதான்.

முதல் லோடு ஐந்தாம் எண் வண்டிக்கு விழுந்தது. இயக்குநரின் நாற்காலியைப் புதுக் கட்டிடத்தில் இறக்கிவிட்டு, டிரைவர் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தபோது மதியம். நடைபாதையில் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முக்குக்கு அந்தப் பக்கத்தவர்கள் சாலையில் வந்து நின்று எதையோ சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு அலுவலகத்தில் ஆள் இல்லை.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. பொத்தான் விஷயத்தை மட்டும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"புது ஆபீஸ் எதிர்ல பிளாட்பாரம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றான். அகலம் குறைவு, இருபது கட்டிலுக்கு மேல் போடமுடியாது.

"காலி இடமா?"

"நாற்காலிய இறக்கும்போதே ஏழு கட்டில் வந்துடுச்சுக்கா."

மச்சான் அன்றைய கேள்வியைக் கேட்கவில்லை. எழுந்திருக்க வசதியாகக் காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அப்ப நின்னு பேசிட்டிருக்காத. வண்டிய எடு."